மணற்கிணறும் உவர்க்கழியும்

எம்.ஏ. தமிழ் படித்த எவரும் கருப்பொருள் பட்டியலை மனப்பாடம் செய்யாமல் தப்பித்திருக்க முடியாது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை என்று நீளும் அந்த வரிசையில் 'நீர்' என்றொரு கட்டம் உண்டு. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் காட்டாறு, நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்க்கழியும். உரைகாரர்கள் எழுதிவைத்தது. அவற்றை ஏன் அருகருகே வைத்தார்கள் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பரீட்சைக்குத் தேவைப்படாத கேள்வி.

2010இல் அந்தப் பட்டியலை நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்த அறை பெருங்குடியில் இருந்தது. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. மேற்கே பார்த்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு. அதன்மேல் எந்நேரமும் ஒரு புகை. மேற்கத்திக் காற்று அடித்தால் பிளாஸ்டிக் எரிகிற நாத்தம் துணியில், தலையணையில், சோற்றில்கூட ஏறும். கீழ்வீட்டு போர்வெல்லில் தண்ணீர் முதலில் தெளிவாக வரும். அரை மணி நேரம் வாளியில் வைத்தால் மஞ்சளாகும். குடிக்கிற தண்ணீர் கேனில் வந்தது. குளிக்கிற தண்ணீர் லாரியில் வந்தது. அதாவது உவர்க்கழிக்கும் மணற்கிணறுக்கும் நடுவே உட்கார்ந்துதான் நான் நெய்தலை உருப்போட்டேன். அது தெரியாமலே உருப்போட்டேன் என்பதுதான் நம்முடைய தமிழ்க் கல்வி.

வீட்டுக்காரரின் தாயாரை எல்லோரும் ஆயா என்போம். ஒருநாள் பேச்சுவாக்கில் 'அந்த ஏரி' என்று சொல்லிவிட்டேன்.

"அது ஏரி இல்ல தம்பி, கய்வெளி. ஏரின்னா கரை இருக்கும், மதகு இருக்கும். இதுக்கு இன்னா இருக்குது? மழை வந்தா வரும், வெயில் வந்தா போவும்."

"அங்கெல்லாம் போயிருக்கீங்களா ஆயா?"

"போவாம? கோரை அறுக்கப் போவோம், விரால் புடிக்கப் போவோம். குடிக்கிற தண்ணிக்கு மட்டும் இந்தாண்ட வரணும். மணல்ல கையால தோண்டுனாலே ஊறும். சேத்துல தோண்டுனா உப்பு."

கழுவெளி என்கிற சொல்லை நான் முதலில் கேட்டது இவரிடமிருந்துதான். மரக்காணத்துக்குப் பக்கத்தில் பெரிய நீர்ப்பரப்பு ஒன்றுக்கு இதே சொல் ஊர்ப்பெயர்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயா சொன்ன வரையறையைக் கவனியுங்கள். ஏரி மனிதர் கட்டியது. அதற்குக் கரை, மதகு, பாசனம், ஆயக்கட்டு, ஆகவே வரி. கழுவெளிக்கு இவை எதுவும் இல்லை. ஏரிகளிலிருந்து வழிந்ததெல்லாம் வந்து படுக்கிற இடம் அது. தென்சென்னையைச் சுற்றியிருக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. கால்வாய்க்குக் கிழக்கே, திருவான்மியூரிலிருந்து கோவளம்வரை, கடலையொட்டி ஒரு மணல் மேடு. மழைநீர் அந்த மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படலமாக நிற்கும். மேலிருந்து அளவாக எடுத்தால் நல்ல தண்ணீர். அதிகமாக உறிஞ்சினால் கடல் உள்ளே வரும், பக்கத்து நிலத்தின் நீரும் தன் அழுக்கோடு நகர்ந்து வரும். நிலத்தடியில் சர்வே கல் எதுவும் நடப்பட்டிருக்கவில்லை.

சங்க இலக்கியத்திலேயே சூழலியல் இருக்கிறது என்று மார்தட்டுகிற கட்டுரைகள் நம்மிடம் ஏற்கனவே நிறைய இருக்கின்றன. அந்த வரிசையில் இன்னொன்றைச் சேர்ப்பது என் நோக்கமல்ல. திணைக் கோட்பாடு கவிதைக்கான இலக்கணம். அது எந்தக் கழியையும் காப்பாற்றவில்லை. கழியில் மீன் பிடித்தவரையும் உப்பு விளைவித்தவரையும் சமூகத்தின் மேல்தட்டில் வைக்கவும் இல்லை. நான் கவனிக்கச் சொல்வது சின்ன விஷயம். அந்தப் பட்டியலை எழுதிய உரைகாரர்களின் மொழியில் குடிக்கும் நீரும் குடிக்கக்கூடாத நீரும் ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து நின்றன. அவற்றை இரண்டு தனித் தனிக் கணக்குப் புத்தகங்களில் ஏற்றியது பிறகு நடந்தது. அந்தப் 'பிறகு' எப்படி நடந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

*

கம்பெனியின் நில நிர்வாகத்துக்கு நிலம் என்றால் வரி. வரி தருகிற நிலம், வரி தரக்கூடிய நிலம், இரண்டிலும் சேராத நிலம். மூன்றாவது வகைக்கு நம் ஊரிலேயே ஒரு சொல் கிடைத்தது: புறம்போக்கு. தீர்வைக்குப் புறத்தே போனது என்பதுதான் அதன் பொருள். மேய்ச்சல் தரை, சுடுகாடு, வாய்க்கால், களம், பாதை என்று ஊரே பொதுவில் வைத்துக்கொண்ட இடங்கள் எல்லாம் அதற்குள் வந்தன. தனியாருக்குச் சொந்தமில்லை என்பதால் அவை யாருக்கும் பயன்படாதவை ஆகிவிடாது. ஆனால் கணக்குப் புத்தகத்தின் தர்க்கம் அப்படித்தான் போனது. வருமானம் இல்லாதது பயனில்லாதது, பயனில்லாதது காலியானது. இன்று சென்னையில் ஒருத்தனைத் திட்டுவதற்குப் 'பொறம்போக்கு' என்கிறோம். ஒரு வருவாய்த் துறைச் சொல் வசவாக மாறுவதற்கு எத்தனை தலைமுறை அவமதிப்பு தேவைப்பட்டிருக்கும்?

1905இல் வந்த சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. சாலைகள், ஆறுகள், ஓடைகள், ஏரிகள், கழிகள், கால்வாய்கள், தேங்கி நிற்கும் நீர், ஓடும் நீர் எல்லாம், வேறு யாருக்கும் உரிமை நிரூபிக்கப்படாதவரை, அரசின் சொத்து. தண்ணீரைக் காப்பாற்ற நினைக்கிற நம் நண்பர்கள் இன்றைக்கும் இதே சட்டத்தைத்தான் நீதிமன்றத்தில் காட்டுகிறார்கள். தப்பில்லை, கையில் இருக்கிற ஆயுதம் அதுதான். ஆனால் அதே பிரிவுதான் கழுவெளியைக் கோரை அறுத்தவரிடமிருந்து எடுத்து, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கிற அதிகாரத்தை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வழங்கியது. அவர் கொடுத்தார். சதுப்பின் மீது கடல் தொழில்நுட்பத்துக்கு ஒரு தேசிய நிறுவனம் வந்தது, காற்றாலை ஆய்வுக்கு ஒரு மையம் வந்தது, ரயில் நிலையங்கள் வந்தன, துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. 1960களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் நிலத்தில் இன்று நாலில் ஒரு பங்கு மிச்சமிருந்தால் அதிகம்.

இந்தக் கொடைகளில் ஒன்றுதான் குப்பைக் கிடங்கு. 1980களிலிருந்து சென்னை மாநகராட்சியின் தென்பகுதிக் குப்பை பெருங்குடிக்கு வந்தது. வடபகுதிக் குப்பை கொடுங்கையூருக்குப் போனது. பெருங்குடிக் கிடங்கு மட்டும் சுமார் 200 ஏக்கர். அடியில் தரைவிரிப்பு கிடையாது, கசிவைப் பிடிக்கிற குழாய் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கழுவெளி நிரம்பும்போது குப்பை மேடு தண்ணீரில் ஊறிக்கொண்டு நிற்கும். அதிலிருந்து இறங்குவது கறுப்பாக, டிகாக்ஷன் மாதிரி இருக்கும்.

'நஞ்சு' என்று எழுதி ஒட்டிய தனி லாரி எதுவும் அங்கே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வந்ததெல்லாம் 'குப்பை'. இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய தமிழில் குப்பை என்றால் குவியல். நெல்லும் குப்பையாகக் கிடக்கும். எங்கள் ஊரில் இன்றும் வயலுக்குக் குப்பை அடிப்பது என்றால் எரு போடுவது. அங்கே குப்பை இல்லாதவன்தான் ஏழை. இந்த மண்ணுக்குள் மக்குகிற, நிலத்துக்குத் திரும்புகிற ஒன்றின் பெயரை எடுத்து, பேட்டரி, டியூப்லைட், பெயிண்ட் டப்பா, ஆஸ்பத்திரி ஊசி, கருகிய ஒயர், உடைந்த கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் நகரம் சூட்டிவிட்டது. சொல் வீட்டுத்தனமாக இருந்ததால் பொருளும் வீட்டுத்தனமாகத் தெரிந்தது. ஈயத்தையும் பாதரசத்தையும் சதுப்பில் கொட்டினார்கள் என்றால் ஊர் கேள்வி கேட்கும். குப்பை கொட்டினார்கள் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும். மருத்துவமனைக் கழிவுக்குத் தனி விதிகள் 1998இல்தான் வந்தன. மின்னணுக் கழிவுக்கு 2011இல். அதற்கு முன்னால் போனவை எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் போய் மறைந்தன.

இதன் விளைவை எனக்கு மறக்க முடியாதபடி சொன்னது ஓர் அறிவியல் கட்டுரை. ஆசிய நாடுகளின் திறந்தவெளிக் குப்பைக் கிடங்குகளைச் சுற்றி வாழும் தாய்மார்களின் பாலைச் சோதித்து, ஜப்பானிய ஆய்வாளர்கள் முன்னின்று 2004இல் வெளியிட்டது. இந்தியா, கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ். இந்தியாவுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் பெருங்குடி. பிளாஸ்டிக்கும் மற்றதும் அரைகுறையாக எரியும்போது உண்டாகிற டையாக்சின் என்கிற நஞ்சு கொழுப்பில் தங்கும். பெருங்குடிக் கிடங்கைச் சுற்றியிருந்த பெண்களின் பாலில் அதன் அளவு மற்ற மூன்று நாடுகளின் கிடங்குகளைச் சுற்றி இருந்ததைவிட அதிகமாக இருந்தது. எப்படி உடம்புக்குள் போனது என்று தேடியபோது அவர்கள் சந்தேகப்பட்டது பசும்பாலை. கிடங்கில் மேய்ந்த மாடுகள். அதாவது கழுவெளி மேய்ச்சல் தரையாக இருந்த பழக்கம் தொடர்ந்திருக்கிறது; புல் இருந்த இடத்தில் குப்பை இருந்தது, மாடு அதே வழியில் போய் மேய்ந்துவிட்டு அதே வழியில் வீடு திரும்பியது. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று கீழ்வீட்டில் எனக்கு டீ போட்டுக் கொடுத்த பாலை நினைத்துக்கொண்டேன். ஆயாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அப்போது தோன்றியது. அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

*

தண்ணீரின் கதைக்கு வருகிறேன். சென்னையின் முதல் ஒழுங்குபடுத்தப்பட்ட குடிநீர், 1772இல் கோட்டைக்காக வெட்டப்பட்ட ஏழு கிணறுகளிலிருந்து போனது. மணற்பாங்கான இடம், அதுவும் மணற்கிணறுதான். ஊருக்கு வெளியே கிணறு, கோட்டைக்குள் தண்ணீர். நூறு வருடம் கழித்து, 1872இல், செங்குன்றம் ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பூண்டி 1944. பிறகு கிருஷ்ணா, பிறகு வீராணம். ஒவ்வொரு முறையும் நகரம் கையை இன்னும் கொஞ்சம் தூரம் நீட்டியிருக்கிறது. 1978இல் மெட்ரோ வாட்டர் உருவானபின், திருவான்மியூருக்குத் தெற்கேயுள்ள மணல் மேட்டுக் கிணறுகளும் நகரத்தின் குடிநீர்க் கணக்கில் சேர்ந்தன. அந்த நிலத்தடி நீர் கைமீறி உறிஞ்சப்படுவதைத் தடுக்கத்தான் 1987இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஒரே அரசு, ஒரே பத்தாண்டு. ஒரு துறை மணலுக்கடியில் இருக்கும் நீரைப் பாதுகாக்கச் சட்டம் எழுதுகிறது. இன்னொரு துறை சில கிலோமீட்டர் மேற்கே, அதே நீரோட்டத்தின் தலைமாட்டில், லாரி லாரியாகக் குப்பையைக் கொட்டுகிறது. இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. அவர்களுடைய ஏடுகளில் அவை இரண்டும் வேறு வேறு பொருள்கள்.

இங்கே ஒரு கோடு முக்கியமாகிறது. மாநகராட்சியின் எல்லைக்கோடு. 2011 அக்டோபர்வரை பெருங்குடியும் பள்ளிக்கரணையும் சென்னை அல்ல, தனித்தனிப் பேரூராட்சிகள். சென்னை மாநகராட்சி தன் தென்பகுதிக் குப்பையைத் தன் எல்லைக்குள் வைத்துக்கொள்ளவில்லை, அடுத்த ஊரில் வைத்தது. குப்பை எல்லையைத் தாண்டி வந்தது. குழாய் எல்லையைத் தாண்டி வரவில்லை. நாங்கள் குடித்ததும் குளித்ததும் லாரித் தண்ணீர், அதுவும் சுற்றுப்புறக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து விலைக்கு வந்தது. 2011இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனபோது, நான் அறையைக் காலிசெய்யாமலே சென்னைவாசி ஆகிவிட்டேன். வீட்டுவரி ரசீதில் தலைப்பு மாறியது. லாரி மாறவில்லை.

எல்லைக்கு வெளியே எறியப்பட்டது குப்பை மட்டும்தானா? 2000இல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர். அடுத்து செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கூவத்தின், அடையாற்றின் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களை, பெரும்பாலும் தலித்துகளை, கொண்டுவந்து அடுக்கிய இடங்கள் இவை. நகரத்துக்குள் அவர்கள் 'ஆக்கிரமிப்பாளர்கள்'. நீர்நிலைப் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் என்று சொல்லி அவர்களை வெளியேற்றி, வேறொரு நீர்நிலையின் ஓரத்தில் அடுக்குமாடிக்குள் வைத்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கத்தில் மறுபடியும் தண்ணீரில் நின்றார்கள். அதே கழுவெளியின் மேல் எழுந்த தகவல் தொழில்நுட்ப வளாகங்களை யாரும் ஆக்கிரமிப்பு என்று அழைப்பதில்லை. அவற்றுக்குப் பட்டா இருக்கிறது, திட்ட அனுமதி இருக்கிறது. ஆக்கிரமிப்பு என்பது நிலத்தைப் பற்றிய சொல்லாக இருப்பதைவிட ஆளைப் பற்றிய சொல்லாக இருக்கிறது.

சட்டங்கள் வராமலில்லை. 1996இல் உச்சநீதிமன்றத்துக்குப் போன ஒரு பொதுநல வழக்கின் விளைவாக, 2000இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. குப்பை நிரப்பும் இடம் நீர்நிலைகளுக்கும் சதுப்புநிலங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் தள்ளியிருக்க வேண்டும் என்று அதில் அச்சடித்தே இருக்கிறது. பெருங்குடி மூன்றுக்கும் நடுவில் இருந்தது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் லாரிகள் வந்தன. 2007இல் சதுப்பின் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. உள்ளூர் மக்களும் சூழல் அமைப்புகளும் போராடிப் பெற்ற வெற்றி, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கிடங்கு அந்தக் கோட்டுக்கு வெளியே விடப்பட்டது. கோட்டுக்கு உள்ளே கோரை அறுப்பதும் மீன் பிடிப்பதும் வனத்துறைச் சட்டப்படி அத்துமீறல் ஆனது. வேலிக்கு இந்தப் பக்கம் பைனாகுலரோடு பூநாரை பார்க்க வருகிறவர் விருந்தாளி. அந்தப் பக்கம் விராலுக்குத் தூண்டில் போட்டவர் குற்றவாளி. பூநாரைமேல் எனக்குப் பகையில்லை. அழகான பறவை. நானும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

2022ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 8 என்கிற தேதியிட்டு, 1,247 ஹெக்டேர் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். அதே மாதம் 27ஆம் தேதி பெருங்குடிக் கிடங்கு தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. ஜூலையில்தான் ராம்சர் செய்தி பத்திரிகைகளில் வந்தது, பறவைப் படங்களோடு. தீயணைப்பு வண்டிகள் அடித்த தண்ணீர் எங்கே இறங்கியிருக்கும் என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை.

2019 ஜூனை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்த மாதம். பழைய மகாபலிபுரம் சாலையின் கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின, கழிவறைக்குத் தண்ணீர் இல்லை என்பதால். அந்தச் சாலைக்கு ஒரு பக்கம் மணல் மேடு, இன்னொரு பக்கம் கழுவெளி. இரண்டு தண்ணீருக்கும் நடுவில் தாகத்தோடு ஒரு சாலை. அப்போது உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின, சென்னையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று. கண்ணகி நகரில் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்ணுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

இப்போது பெருங்குடியில் 'பயோமைனிங்' நடந்திருக்கிறது. பழைய மேட்டைத் தோண்டி, சலித்து, பிரித்து, நிலத்தை மீட்கிற வேலை. போன வருடம் ஆயாவைப் பார்க்கப் போனேன். கண் தெரியவில்லை, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். மேடு குறைந்துவிட்டது என்று அவர் பேரன் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். காற்றில் நாத்தம் குறைந்திருந்தது உண்மைதான். போர்வெல்லை மூடிவிட்டார்கள். வாசலில் கேன் இருந்தது.

திரும்பி வரும்போது ஒரு டீக்கடையில் லாரி ஓட்டுகிற தம்பி ஒருவரோடு பேச்சு. சலித்ததில் பிளாஸ்டிக் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகிறது என்றார். "மண்ணு?" என்று கேட்டேன்.

"அது பள்ளமான எடத்த ரொப்பறதுக்குண்ணா."

"எந்தப் பள்ளம் தம்பி?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். "அதான் தாழ்வான எடம் நெறைய கெடக்குதேண்ணா," என்று தெற்கே கையைக் காட்டினார்.